விழித்திரை நோய்க்கு ஆயுர்வேதம்: போய் வந்தவர்கள் சொல்லவும்

கேள்வி: 11 பிப்ரவரி 2023

என் தம்பிக்கு 24 வயது. இருட்டில் தடுமாறுகிறான். ரெடினைடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல அழியும் பரம்பரை நோய் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். மருந்து இல்லை என்றும் சொல்லிவிட்டார். கேரளத்தில் ஆயுர்வேதத்தில் விழித்திரையையே சரிசெய்கிறார்கள் என்று உறவினர்கள் அரிக்கிறார்கள். யாராவது போனதுண்டா? பலன் இருந்ததா?

12 பிப்ரவரி 2023, காலை

போனேன். திரும்பி மூன்று வாரம் ஆகிறது. எனக்கும் அதே நோய்தான். வயது 46, நோயின் பெயர் தெரிந்து 19 வருடம். அம்மா தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். இரண்டு பக்கத்திலும் ஒளிந்திருந்த ஒரே பழுது சேர்ந்து எனக்கு வந்தது. பரம்பரைச் சொத்து என்று எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டினால் வைத்தியசாலைக்குப் பஞ்சமில்லை. நான் போன இடத்தின் பெயர் வேண்டாம். 21 நாள் தங்கல். அறை, சாப்பாடு, மருந்து எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய். பலன் உண்டா என்றால் உண்டு. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளில் முழங்காலை இடித்துக்கொள்வது குறைந்திருக்கிறது. நிறங்கள் கழுவி வைத்ததுபோல் தெரிகின்றன. தம்பியை யோசிக்காமல் அனுப்புங்கள்.

12 பிப்ரவரி 2023, இரவு

என்ன செய்தார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். காலையில் மூக்கில் அணு தைலம். அதன்பின் நெற்றியில் மோர் தாரை. உள்ளுக்குத் திரிபலா சேர்த்துக் காய்ச்சிய நெய், வெறும் வயிற்றில். குமட்டலை அடக்கக் கற்றுக்கொள்ள நான்கு நாள் ஆயிற்று. கண்ணில் விட இளநீர்க் குழம்பு. பெயரைக் கேட்டதும் மதியச் சாப்பாட்டில் ஒரு கறி கூடுதலாக வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். இளநீர், மரமஞ்சள், திரிபலா, தேன், இந்துப்பு, பச்சைக் கற்பூரம் எல்லாம் சேர்ந்தது அது. முதல் சொட்டு விழுந்ததும் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தேய்த்தால் எப்படி இருக்கும், அதற்கு ஒரு படி மேல். பத்து நிமிடம் கண்ணீர் ஊற்றியது. ஊற்றி ஓய்ந்தபின் ஒரு குளிர்ச்சி வருகிறது பாருங்கள், அதற்காகவே மறுநாள் மறுபடி கண்ணைக் காட்டுவோம்.

முக்கியமானது தர்ப்பணம். "நாளைக் காலை தர்ப்பணம்" என்று வைத்தியர் சொன்னதும், துணைக்கு வந்திருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "அமாவாசைகூட இல்லையே, யாருக்கு?" என்று கேட்டார். கண்ணுக்குத்தான் அம்மா, கண்ணைத் திருப்திப்படுத்துவது என்று விளக்கினார்கள். அம்மா கடைசிவரை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "நெய் விடுவது" என்றுதான் சொன்னார்.

மல்லாக்கப் படுக்க வைத்து, உளுந்து மாவைப் பிசைந்து கண்ணைச் சுற்றி வரப்பு கட்டுகிறார்கள். இரண்டு விரல் உயரம் இருக்கும். மாவு ஈரமாக, சில்லென்று ஒட்டுகிறது. வெந்நீரில் வைத்து இளக்கிய நெய்யை, மூடிய இமையின் மேல் வாய்க்காலில் தண்ணீர் பாய்வதுபோல் ஓரத்திலிருந்து விடுகிறார்கள். இமை முடி மூழ்கியபின் மெல்லக் கண்ணைத் திற என்கிறார்கள். திறந்தால் எரிச்சல் இல்லை. உலகமே பொன் மஞ்சளாக, கூரையின் ஓடுகள் ஆற்றின் அடியில் கிடக்கும் கற்கள்போல் அசைகின்றன. பக்கத்தில் உதவியாளர் நேரத்தை மாத்திரைக் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணிமைப்பு ஒரு மாத்திரை என்று பள்ளியில் தமிழாசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. இமைக்கவே வழியில்லாமல் நெய்க்குள் கிடந்தவனுக்கு இமைப்பைக் கொண்டு கணக்கு!

14 பிப்ரவரி 2023

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். கிளம்பும் நாளில் வைத்தியரிடம் நேராகக் கேட்டேன்: இது குணமாகுமா? அவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார். யாப்பியம்.

நோய்களை மூன்றாகப் பிரிப்பார்களாம். தீர்க்கக் கூடியது சாத்தியம், தீர்க்க முடியாதது அசாத்தியம், இடையில் நிற்பது யாப்பியம். சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல் என்று கையைச் சாய்த்துக் காட்டினார். முட்டு இருக்கும்வரை சுவர் நிற்கும், எடுத்தால் விழும். அப்போது ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். வரவேற்பறையில் தொங்கிய பலகையில் 'பார்வை மீட்பு' என்று எழுதியிருந்தது. பலகையைத்தான் நம்பினேன்.

3 மார்ச் 2023

கோயம்புத்தூரில் பார்வைப் புலப் பரிசோதனை எடுத்துக்கொண்டேன். வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைத்துக்கொண்டு, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டுமே, அதுதான். சிகிச்சைக்கு முன்பு டிசம்பரில் வலது கண்ணுக்கு இயல்பிலிருந்து சராசரி விலகல் −24.1 டெசிபெல். இப்போது −22.3. பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. எண் பொய் சொல்லாது என்று இங்கே வாதம் செய்தவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு சித்தப்பா வீட்டில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டினேன். அவருக்குச் சர்க்கரையால் வந்த விழித்திரைப் பழுது. என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

5 மார்ச் 2023

இல்லை, நான் கமிஷன் வாங்கவில்லை. 58,000 கொடுத்தவன் நான்.

9 ஜூலை 2023

கென்யாவின் முன்னாள் பிரதமர் ராய்லா ஒடிங்காவின் மகளுக்குப் பார்வை திரும்பிய செய்தியை ஒருவர் மேலே ஒட்டியிருக்கிறார், "இதற்கு மேல் சான்று வேண்டுமா" என்று. கேரளத்தின் கூத்தாட்டுக்குளத்தில் ஆயுர்வேத சிகிச்சை நடந்தது உண்மை. 2022 பிப்ரவரியில் பிரதமர் மோடியே வானொலி உரையில் அதைச் சொன்னார். ஆனால் அதே உரையில் சொல்லப்பட்டது, அவருக்கு மூளைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்து அதன்பின் பார்வை போயிற்று என்பது. நம் தலைப்பு விழித்திரை. கம்பி அறுந்த வீட்டையும் பல்பு உடைந்த வீட்டையும் ஒரே கணக்கில் எழுத முடியாது. நான் ஆயுர்வேதத்தின் பக்கம் இருப்பவன்தான். என் பக்கத்தார் தப்பாக வாதாடினால் எனக்குத்தான் முதலில் கோபம் வருகிறது.

2 செப்டம்பர் 2023

மார்ச்சில் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

மறுபடி புலப் பரிசோதனை. வலது கண் −24.6. தாளைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பரிசோதனை எடுக்கும் பெண் நல்லவர், தண்ணீர் கொடுத்தார். பிறகு மருத்துவர் விளக்கினார். டிசம்பரில் எடுத்தபோது நான் ஆறு வருட இடைவெளிக்குப் பின் அந்தக் கிண்ணத்துக்குள் தலையை விட்டிருந்தேன்; கை பழகவில்லை. மார்ச்சில் பழகியிருந்தது. இந்தப் பரிசோதனையில் பழக்கத்தாலேயே எண் ஏறும். அதோடு, முற்றிய நிலையில் ஒரே கண்ணுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை எடுத்தாலும் இவ்வளவு வித்தியாசம் வருமாம். எண் பொய் சொல்லவில்லை. நான்தான் அது சொல்லாததைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று, இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வைத்தியசாலைக்குப் போகும் முன்பே எனக்கு விழித்திரை நடுப்பகுதியில் நீர்க்கட்டு இருந்தது. இந்த நோயில் சிலருக்கு வரும். அதற்கு டோர்சோலமைடு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை நான் நிறுத்தவே இல்லை. அங்கே தங்கிய 21 நாளும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு விட்டுக்கொண்டிருந்தேன். நீர் வற்றியிருக்கிறது, ஸ்கேனில் தெரிகிறது. நிறம் கழுவியதுபோல் தெரிந்தது அதனால்தானா, நெய்யாலா? என்னால் பிரிக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிள் விஷயமும் விசாரித்தேன். மகன் அதை நகர்த்தி நிறுத்தத் தொடங்கியிருந்தான்.

18 நவம்பர் 2023

சித்தப்பாவுக்கு வலது கண்ணில் ரத்தக்கசிவு. காலையில் பல் துலக்கும்போது கண்ணுக்குள் யாரோ மைப் புட்டியைக் கவிழ்த்தது போல இருந்ததாம். ஏப்ரலிலேயே கண்ணில் ஊசி போட வேண்டும், லேசர் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் போகவில்லை. எல்லை தாண்டி ஒரு வைத்தியரிடம் போய் நெய்யும் சூரணமும் வாங்கி வந்திருக்கிறார். ஏழு மாதம்! ஊசியை நிறுத்தச் சொன்ன அந்த வைத்தியனை என்ன செய்வது? இந்தக் கூட்டத்தை நம்பாதீர்கள். ஒருவரும் போகாதீர்கள்.

26 நவம்பர் 2023

மேலே எழுதியதை அழிக்கவில்லை. இருக்கட்டும். ஆனால் தப்பு.

ஆஸ்பத்திரியில் சித்தப்பாவுடன் எட்டு நாள் இருந்தேன். வைத்தியர் ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை. "டாக்டர் சொன்னதைச் செய்துவிட்டு வாருங்கள், இது கூடவே நடக்கட்டும்" என்றுதான் சொன்னாராம். சித்தப்பா ஊசியைத் தள்ளிப்போட்டது அவராகவே. ஏன் என்று கேட்டேன். கட்டுப் போட்ட கண்ணோடு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீதானடா அந்தத் தாளைக் காட்டினாய்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

28 நவம்பர் 2023

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். 'விழித்திரை நோய்க்கு ஆயுர்வேதம்' என்று தலைப்பிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. எந்த விழித்திரை நோய்?

என்னுடையது மெல்லச் சாகும் நோய். இருட்டில் பார்க்க உதவும் செல்கள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வருகின்றன. இதில் நான் 21 நாள் நெய்யில் கிடந்தாலும், கிடக்காவிட்டாலும், பெரும்பாலும் பணம்தான் போகும். சித்தப்பாவுடையது வேறு. சர்க்கரையால் ரத்தக் குழாய்கள் ஒழுகுகின்றன, அடைபடுகின்றன. ரத்தம் போதாத விழித்திரை புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அவை ஈசல் இறகு மாதிரி, தொட்டால் கிழியும். ஊசியும் லேசரும் அந்த முளைப்பை அடக்குகின்றன. அங்கே ஒவ்வொரு மாதத்துக்கும் விலை உண்டு. என் நோய்க்கான பொறுமையை அவர் தன் நோய்க்குக் கடன் வாங்கிக்கொண்டார். கடன் கொடுத்தவன் நான்.

ஊசிக்குப் பயந்தார் என்பதும் உண்டு. யார்தான் பயப்பட மாட்டார்கள், கண்ணில் ஊசி என்றால்? மலிவாகப் போடப்படும் பெவாசிசுமாப் முதலில் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. அதை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். 'புற்றுநோய் ஊசி' என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

10 பிப்ரவரி 2024

ஒருவர் தனிச்செய்தியில் திட்டியிருக்கிறார், ஆயுர்வேதத்தின் பழைய ஆசான் சுஸ்ருதரை நான் அவமதிக்கிறேன் என்று. நான் அவமதித்தது என்னைத்தான். சுஸ்ருத சம்ஹிதையின் கண் பகுதியைத் தமிழ் உரையோடு இப்போதுதான் பொறுமையாக வாசிக்கிறேன். 76 கண் நோய்கள். கண்ணாடிக் கருவி எதுவும் இல்லாத காலம்; உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்கும் கருவியைப் பற்றி ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதி வெளியிட்டது 1851-ல். ஆனாலும் நோயாளி சொன்னதை எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார்கள்! திமிரம் என்ற பார்வை மங்கும் நோய் கண்ணின் இரண்டாம் படலத்தை, அதாவது இரண்டாம் அடுக்கைத் தொட்டால் ஈ, கொசு, மயிர், வலை எல்லாம் கண்முன் மிதக்குமாம். எவ்வளவு முயன்றாலும் ஊசியின் காது தெரியாதாம். சித்தி ஊசியில் நூல் கோக்கச் சொல்லிச் சித்தப்பா கோக்க முடியாமல் விட்டதுதான் எங்கள் வீட்டில் முதல் அறிகுறி.

திமிரம் உள்ளே போகப் போக எங்கே தீர்க்கலாம், எங்கே முட்டுக் கொடுக்க மட்டும் முடியும் என்றும் அவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். யாப்பியம். என் வைத்தியர் தத்துவம் பேசவில்லை, நோயின் நிலையைச் சொல்லியிருக்கிறார். நூலில் இருக்கும் அடக்கம் விளம்பரப் பலகையில் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. பார்வையின்மை, கண்புரை, கண் அழுத்த நோய், சர்க்கரை நோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பஸ் நிலையச் சுவர்களைப் பார்த்தால் அந்தச் சட்டத்துக்கே மாலைக்கண் என்று தோன்றும்.

11 பிப்ரவரி 2024

பஸ்பம் பற்றிக் கேட்டவருக்கு: எனக்குக் கொடுத்ததில் இரும்பு சேர்ந்த சப்தாமிர்த லோகம் என்ற மருந்து இருந்தது. பயம் வந்து ரத்தத்தில் ஈயம் பார்த்தேன். சரியாகவே இருந்தது. ஆனால் பயம் காரணமில்லாததல்ல. 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து, 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருப்பதாக வெளியிட்டார்கள். லேபிள் இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் பொடியை வாங்காதீர்கள். சுர்மா என்று விற்கும் கண் மையும் வேண்டாம், பல நேரம் அது ஈயக் கல்லின் பொடி. வீட்டில் காய்ச்சிய நெய்யை நீங்களே கண்ணில் விட்டுக்கொள்வதும் வேண்டாம். ஒருவர் செய்து பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஐயா, அது தோசைக்கு.

22 ஜூன் 2024

முதல் கேள்வி கேட்ட சகோதரி ஒரு வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார். தம்பியை எங்கும் அனுப்பவில்லையாம், பணம் சேரவில்லையாம். நான் "யோசிக்காமல் அனுப்புங்கள்" என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வருடம் குற்ற உணர்ச்சியோடு இருந்திருக்கிறார். இதற்கும் நானே மன்னிப்புக் கேட்கிறேன்.

அவருடைய பாட்டி சொல்வது, தாத்தாவுக்கும் மாலைக்கண் இருந்தது, ஆட்டு ஈரல் கொடுத்ததும் போய்விட்டது என்று. பாட்டி பொய் சொல்லவில்லை. வைட்டமின் ஏ குறைந்தாலும் மாலைக்கண் வரும். ஈரல் கொடுத்தால் சில நாளில் போகும். சம்ஹிதையிலேயே வெள்ளாட்டு ஈரலில் திப்பிலி வைத்துச் சுட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. பெயர் ஒன்று, நோய் இரண்டு. தாத்தாவின் மாலைக்கண் சத்துக் குறைவு, தம்பியுடையது மரபணு. அதிசயமாகக் குணமான கதைகளில் எத்தனை இந்த இரண்டும் குழம்பியதால் வந்தவையோ. ஈரலை நினைத்துக்கொண்டு வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளிப் போட வேண்டாம். ஸ்டார்கார்ட் போன்ற சில விழித்திரை நோய்களில் அது கெடுதல்.

தம்பிக்கு மரபணுப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ஆர்பிஇ65 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்கு மட்டும் 2017-ல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு கண்ணுக்கும் எட்டரை லட்சம் டாலர் என்றார்கள். நான் புலம்பிய 58,000 ரூபாய் அதற்குப் பக்கத்தில் டீக்காசு. என் பழுது அந்த மரபணுவில் இல்லை. பார்த்துவிட்டேன். பார்வைப் புலம் 40 பாகைக்குக் கீழே போயிருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நான் பத்து வருடம் கௌரவம் பார்த்துக் காத்திருந்தேன். பஸ்ஸில் நடத்துனரிடம் அட்டையைக் காட்டிய முதல் நாள்தான் கஷ்டம்.

23 ஜூன் 2024

மறுபடி போவீர்களா என்று கேட்கிறார். போன வாரம் போய் வந்தேன். ஏழு நாள் மட்டும், நெய்யும் மோர் தாரையும். டோர்சோலமைடைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கவில்லை, வைத்தியரிடமே காட்டினேன், "விடாதீர்கள்" என்றார். புலப் பரிசோதனை எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன், நன்றாக இருந்ததா என்றால் இருந்தது. கண் வறட்சி குறைந்தது, தூக்கம் வந்தது. கொடைக்கானல் போய் வந்தவனிடம் ஆஸ்துமா போயிற்றா என்று யாரும் கேட்பதில்லையே.

16 அக்டோபர் 2025

நேற்றுச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ராய்லா ஒடிங்கா கூத்தாட்டுக்குளத்தில் காலை நடையின்போது மாரடைப்பு வந்து இறந்துவிட்டார். வயது 80. 2023-ல் அவர் மகளின் கதையைச் சான்றாக ஒட்டியவருக்குப் பதிலாக, இன்று ஒருவர் இதை எதிர்ச்சான்றாக ஒட்டியிருக்கிறார். மாரடைப்புக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கு அதுவும் செல்லாது, இன்றைக்கு இதுவும் செல்லாது.

4 நவம்பர் 2025

சித்தப்பாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. வலது கண்ணில் உள்திரவத்தை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். விரல் எண்ணும் அளவுக்குத் தெரிகிறது. இடது கண்ணை ஊசியும் லேசரும் பிடித்து வைத்திருக்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 1993-ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில், கண் பழுது இல்லாமல் ஆரம்பித்தவர்களுக்குக் கடுமையான சர்க்கரைக் கட்டுப்பாடு அந்த ஆபத்தை 76 சதவீதம் குறைத்தது என்று மருத்துவர் அவரிடம் சொன்னார். சித்தப்பா, "இதை இருபது வருடம் முன்னால் சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருப்பார்கள். அவர் அப்போது ஜாங்கிரி சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

இரவில் ஒரு தேக்கரண்டி திரிபலா சூரணத்தை மட்டும் விடவில்லை. மலச்சிக்கலுக்கு. மருத்துவருக்கும் தெரியும்.

நாளை அடுத்த ஊசி. 5.20 பஸ், விடிந்திருக்காது. இருட்டில் எனக்குத் தெரியாது, வலது பக்கம் அவருக்குத் தெரியாது. நான் அவருக்கு வலப்பக்கமாக நடப்பது, படி வந்தால் அவர் சொல்வது என்று பேசி வைத்திருக்கிறோம்.